துருவை மறைக்காத மதினிக்கு

என் அன்பு மதினி,

சக்குபள்ளத்தில் மழை பிடித்து இன்றோடு பதினோரு நாள். துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, கதவெல்லாம் ஊதிப்போய் உதைத்தால்தான் திறக்கிறது. இப்படி ஒரு மழையில்தான் போன வருஷம் எலிக்காய்ச்சல் வந்து எட்டே நாளில் உங்களைக் கொண்டுபோனது. மழையைத் திட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கை என்னவோ உங்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டது.

அழுவதற்காக எழுதவில்லை, மதினி. உங்களைப் பற்றி நான் பெருமையாகப் பேசாத நாளில்லை இப்போது. ஆனால் நீங்கள் இருந்தபோது ஒரு தடவைகூட அதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அந்தக் கணக்கு எனக்குள் நேராகவே இல்லை.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்குப் பிடிபடாத விஷயங்கள் இரண்டு. ஒன்று உங்கள் பேச்சு. வேலந்தாவளத்துப் பெண், எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க'. "ஏனுங்க அத்தை, தண்ணி காய வெக்கட்டுங்களா?" என்று நீங்கள் கேட்டால், வேறு யாரோ பெரிய மனுஷியைக் கூப்பிடுகிறீர்கள் என்று அம்மா திரும்பிப் பார்ப்பாள். உங்களைவிட இரண்டு வயது சின்னவளான எனக்கும் அதே மரியாதைதான்.

இன்னொன்று உங்கள் வேலை. அண்ணன் ஜீப் ஓட்டுகிறான், நான் ஸ்டேஷனில் போலீஸ். மருமகளும் போலீஸ் என்பது அம்மாவுக்குச் சரிதான். ஆனால் 'ஆர்மரர்' என்றால் என்ன?

"ஏட்டி, அவ என்ன வேலதான் பாக்கா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டாள்.

"போலீஸ் துப்பாக்கியெல்லாம் பழுது பாத்து, துரு ஏறாமப் பாத்துக்கிடுத வேலம்மா."

"அதுக்கு ஒரு ஆளா?"

அம்மாவோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அதை உங்களிடம் சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள். "எங்கூருச் சந்தையில மாடு வாங்கறவங்க மொதல்ல வாயத் தொறந்து பல்லைப் பாப்பாங்க. நான் துப்பாக்கிக் கொழலை, பேரலைப் பாக்கறேனுங்க. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றீர்கள்.

பிறகு அந்த ஆயுத ஆய்வு வந்தது. மாவட்டத்தில் இருந்த இன்னொரு ஆர்மரர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். எங்கள் ஸ்டேஷனுக்கு நீங்கள்தான் வரவேண்டியதாயிற்று. ஆயுத அலமாரியின் சாவி என்னிடம். எனக்குத் துளியும் பயமில்லை. வருகிறவர் என் மதினி. பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போடுவார், டீ குடிப்பார், சாயங்காலம் ஒரே ஜீப்பில் வீட்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். வடைகூட வாங்கி வைத்திருந்தேன்.

நாலு பிஸ்டலையும் மேசைமேல் விரித்த துணியில் வரிசையாக வைத்தீர்கள். முதல் பிஸ்டலின் குண்டு அடைக்கும் மேகசினைக் கழற்றி, மேலே ஓடுகிற ஸ்லைடை இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்பதைக் கண்ணால் ஒருமுறையும் சுண்டுவிரலால் ஒருமுறையும் பார்த்தீர்கள். அடுத்ததை இழுத்தீர்கள். பாதியில் நின்றது. அழுத்தி இழுத்தபோது நகர்ந்து, திரும்பி வரும்போது சோம்பலாக வந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனீர்கள்.

"இதுக்குத் தேங்காயெண்ணெய் போட்டது யாருங்க?"

நான்தான் என்றேன். கடையில் வாங்கிய சுத்தமான எண்ணெய், நிறையவே போட்டிருந்தேன். துரு பிடிக்காமல் இருக்கத்தானே?

"தேங்காயெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாட்டம் ஆயிருமுங்க. அதுல தூசி ஒட்டும். நிறையப் போட்டா நல்லதுன்னு நெனைக்கறோம். துப்பாக்கிக்கு உண்டான எண்ணெய், ஓடுற இடத்துல ஒரு சொட்டு. மத்த எடத்துல தொடச்ச துணியில ஒட்டியிருக்கற ஈரம் போதும்."

மூன்றாவது, எஸ்.ஐ. சாருடையது. தோல் உறைக்குள்ளேயே வைத்து அலமாரியில் பூட்டியிருந்தோம். உறையிலிருந்து உருவியதும் பக்கவாட்டில் காவி நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. யாருடைய வியர்வையோ துருவாக மாறியிருந்தது. மலைக் காற்றில் தோல் உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், இடுப்பில் கட்டத்தான் உறை, வைத்துப் பூட்ட அல்ல என்று நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். உள்ளே ஸ்பிரிங்கும் போயிருந்தது. என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னீர்கள், ஸ்லைடு பாதியில் நின்றுவிட்டது. உங்கள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலாவதிலும் அதே தேங்காயெண்ணெய்ப் பிசின். பிறகு பேனாவை எடுத்தீர்கள். நாலில் மூன்று பயன்படுத்தத் தகுதியில்லை. காரணம், பராமரிப்புக் குறைவு. பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர்.

எஸ்.ஐ. சார் எட்டிப் பார்த்துவிட்டு, தன் மலையாளத்தில், "சாரமில்லை, இதொக்கெ எழுதண்டா. நம்ம ஆளல்லே" என்றார். பெரிய விஷயமில்லை, எழுத வேண்டாம், நம்ம ஆள்தானே என்று.

"நம்ம ஆளுங்கறதாலதான் எழுதோணுமுங்க, சார். எழுதலைன்னா ஸ்பிரிங்கு வராது. ஸ்பிரிங்கு வராம இத நீங்க இடுப்புல கட்டீட்டுப் போவீங்க."

வடை மேசையிலேயே இருந்தது. மூன்று பிஸ்டலையும் சீல் வைத்து எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினீர்கள். "வர்றீங்களா?" என்று என்னைக் கேட்டீர்கள். நான் பஸ்ஸில் வந்தேன்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷச் சம்பள உயர்வு தள்ளிப்போனது. அதைவிட வலித்தது வேறு. ஸ்டேஷனில் எல்லோரும், 'சொந்த மதினியே எழுதிட்டாங்களாமே' என்று கேட்ட கேள்விதான். அம்மா உங்களை நேருக்கு நேராகவே கேட்டாள்.

"ஒரே வீட்டுல சோறு திங்குதோம். ஒரு வரிய மாத்தி எழுதுனா கை ஒடிஞ்சா போயிரும்?"

நீங்கள் அடுப்பில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். கண் கலங்கியிருந்தது என்று அண்ணன் பிறகு சொன்னான். நான் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தேன். ஐந்து மாதம், மதினி. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒரே கயிற்றில் துணி போட்டுக்கொண்டு, ஐந்து மாதம் உங்களோடு பேசாமல் இருந்தேன். நீங்கள் மட்டும் தினமும் "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவீர்கள். எப்படி முடிந்தது உங்களுக்கு?

இதற்கிடையில் பிஸ்டல்கள் மூன்றும் திரும்பி வந்திருந்தன. புது ஸ்பிரிங், கண்ணாடி மாதிரி உள்ளே மினுங்கும் பேரல். கூடவே ஒரு சின்னப் புட்டி எண்ணெய், வெட்டி அடுக்கிய துணித்துண்டுகள். அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் பைகள் தொங்கவிட வேண்டும் என்று ஒரு குறிப்பு. உங்கள் கையெழுத்து. கோபத்தோடுதான் அதன்படி செய்தேன். இன்னொரு மெமோ வாங்க நான் தயாராக இல்லை. வாரம் ஒருமுறை கழற்றி, துணி வெள்ளையாக வரும்வரை பேரலைத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, விரல் படாமல் துணியில் பிடித்து உள்ளே வைத்தேன்.

ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம் எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. காட்டுப்போத்து ஒன்று, காட்டெருமையில் ஒற்றைக் காளை, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. வனத்துறைக்காரர்கள் வரும் வழியில் மரம் விழுந்து கிடந்தது. எஸ்.ஐ. சாரும் நானும் டிரைவரும் போனோம்.

நாங்கள் போனபோது அது வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே நின்றது. ஸ்டோர் சுவரை ஒட்டி, தலைச்சுமையை இறக்காமலே, பாண்டியம்மா என்ற வேலைக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் விறகு அடுக்கு. அவளுக்கும் அதற்கும் நடுவே பதினைந்து அடிகூட இருக்காது. நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கிய சத்தத்துக்கு அது தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியது.

எஸ்.ஐ. சார் பிஸ்டலை உருவி ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டார். போத்து ஓடவில்லை. தலையை எங்கள் பக்கம் திருப்பியது, இரண்டு எட்டு எடுத்து வைத்தது. சார் மறுபடி சுட்டார். இரண்டாவது சத்தத்தில் அது உடம்பு முழுக்கச் சிலிர்த்து, சாய்ந்த வேலி வழியாகவே பாய்ந்து ஏலச்செடிக்குள் புகுந்து போய்விட்டது. செடிகள் முறிகிற சத்தம் கீழே ஓடை வரைக்கும் கேட்டது. பாண்டியம்மா அதற்குப் பிறகுதான் சுமையோடு அப்படியே உட்கார்ந்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன்பு அந்த பிஸ்டலை நானும் இழுத்துப் பார்த்தவள்தானே. அன்றிருந்த நிலையில் முதல் குண்டு போயிருக்கலாம். இரண்டாவது போயிருக்காது. ஸ்லைடு பாதியில் நின்றிருக்கும். சார் அதைக் கையில் குலுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போத்து எங்கே நின்றிருக்கும்?

திரும்பும் வழியில், வளைவு தாண்டியதும் எஸ்.ஐ. சார், "முத்துலட்சுமி, நின்றெ நாத்தூனை ஒன்னு விளிக்கணும்" என்றார். நாத்தூன் என்று அவர் சொன்னது உங்களைத்தான். உங்களைக் கூப்பிட்டுப் பேசவேண்டும் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணீர் வந்துவிட்டது.

அன்று நீங்கள் லீவில் வீட்டில் இருந்தீர்கள். யூனிபார்மோடு நேராக அடுக்களைக்கு வந்தேன். ஐந்து மாதம் கழித்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். வாயில் வந்தது, "மதினி, ரெண்டாவது குண்டும் போச்சு" என்பது மட்டும்தான். நடந்ததை அழுகையும் பேச்சுமாகச் சொல்லி முடித்தேன்.

நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டீர்கள். யாருக்கும் அடிபடவில்லையே என்று இரண்டு முறை கேட்டீர்கள். பிறகு, "பிஸ்டலத் தொடச்சீங்களா?" என்றீர்கள்.

"இல்ல. நாளைக்கு..."

"நாளைக்கு ஆகாதுங்க. சுட்ட கரி உள்ள இருந்தா இந்த மழைக்கு விடியறதுக்குள்ள துரு கட்டிரும். சுட்ட அன்னைக்கே தொடைக்கோணும். வாங்க, நானும் வர்றேன்."

உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். சார் அனுமதியோடு, செலவான இரண்டு குண்டையும் பதிவேட்டில் எழுதிவிட்டு, நீங்கள் கழற்ற நான் துடைத்தேன். முதல் துணி கறுப்பாக வந்தது. ஏழாவது வெள்ளையாக வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமுங்க" என்றீர்கள். ஆய்வுக்கு வந்த அன்று கேட்க ஆசைப்பட்ட சொல்லை அன்றைக்குத்தான் உங்கள் வாயால் கேட்டேன்.

அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். அதற்கடுத்த வருஷ மழையில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடந்தபோது காதோரம் சொன்னேன். கேட்டதா, மதினி? கேட்காமல் போயிருந்தால் இதோ எழுதிவிட்டேன். நீங்கள் எழுதியது சரி. நான் பேசாமல் இருந்தது தப்பு.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஜீப்புக்குப் புது டயர் போட்டிருக்கிறான். மெலிந்துவிட்டான், ஆனால் வேளைக்குச் சாப்பிடுகிறான், நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம், "எம் மருமக போலீஸ் துப்பாக்கிக்கே டாக்டரு, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இரண்டு தடவை திரும்பி நடந்து வந்தாள். பாண்டியம்மா உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லி, முதல் பறிப்பில் ஒரு கை ஏலக்காய் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்னொன்று. ஆயுதப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். பயிற்சி முடிந்து, ஆர்டர் வந்துவிட்டது. திங்கள்கிழமை என் முதல் ஆய்வு. நான் போகிற ஸ்டேஷனில் அலமாரிச் சாவி ஷீபாவிடம் இருக்கிறது. மூன்று வருஷம் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். நேற்றே போன் பண்ணி, "நீயல்லே வருந்நது, பேடியில்லா" என்று சிரித்தாள். நீதானே வருகிறாய், பயமில்லை என்றாள். நான் சிரிக்கவில்லை. "இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துத் தொடச்சு வை, ஷீபா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் துடைத்திருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன், மதினி. அதற்குப் பிறகு அவள் எத்தனை மாதம் பேசாமல் இருந்தாலும், தினமும் அவளைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

உங்கள் நாத்தனார்,
முத்துலட்சுமி