ஒன்பதாவது செவ்வாய்

செவ்வாய், ஒக்டோபர் 8

காலையில் புழுக்கம். மத்தியானம் இடி மட்டும், மழை இல்லை.

நேர்ந்த ஒன்பதில் எட்டாவது செவ்வாய். மருமகள் சுகந்தியும் நானும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு. வெள்ளவத்தைச் சந்தையடியில் முக்கால் மணி நேரம் நின்று 155 பஸ். மெழுகுதிரி இரண்டு. இன்னும் ஒரு செவ்வாய்தான். இடையில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து.

சைவக்காரருக்கு அந்தோனியார் எதற்காம், மேல்வீட்டு அம்மா கேட்கிறார். கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருடம் படித்தவள் நான். தொலைந்ததைத் தேடித் தருபவர் அவர். நந்தனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பத்துக் கிழமை. என் பிள்ளை செய்த குற்றம் என்னவென்று ஒரு தாளில்கூட எழுதித் தரவில்லை.

இன்று நடந்தது. மருதானைச் சோதனைச் சாவடி கிட்ட வந்ததும் சுகந்தி நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை நகத்தால் கிளப்பி, முன் சீற்றின் முதுகில் ஒட்டினாள். அங்கே ஏற்கனவே நான்கைந்து. சிவப்பு, கறுப்பு, ஒன்று கல் வைத்தது. யார் யாருடையதோ. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொட்டை எடுப்பது எந்த நாளில் என்று இவளுக்குத் தெரியாதா? என்னுடைய இவர் கண்ணை மூடிய அன்று என் நெற்றியைத் துடைத்துவிட்டவள் என் சொந்த மச்சாள். இவளுடைய புருஷன் உயிரோடு இருக்கிறான்.

புருஷன் இருக்கும்போதே பொட்டை எடுப்பாளா ஒருத்தி என்று கேட்டேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"உங்களுக்கென்ன மாமி. உங்களுக்கு எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

பஸ்ஸில் ஏறிய ஆமிக்காரன் என்னைப் பார்த்து "அம்மே" என்று மரியாதையாக விலகிப் போனான். வெறும் நெற்றி, வெள்ளைச் சேலை. சிங்களத்தி என்று நினைத்துவிட்டான். அது இன்னும் எரிச்சல்.

வீடு வரும்வரை அவளோடு கதைக்கவில்லை.

வியாழன், ஒக்டோபர் 10

மழை. கொடியில் ஒன்றும் காயவில்லை. வாங்க: சீனி, விளக்குத் திரி, தலையிடிக் குளிசை.

இன்னும் கதைக்கவில்லை. புட்டு கட்டி கட்டியாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

வீட்டு ஆட்களைப் பொலிசில் பதிந்த துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள் சுகந்தி. நாற்பத்திரண்டு வருடமாக இதே ஒழுங்கையில் இதே வீடு. என் வீட்டில் நான் இருக்கிறேன் என்பதற்கு எனக்கு ஒரு துண்டு. எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அடுத்த செவ்வாய் தனியாகப் போவேன்.

செவ்வாய், ஒக்டோபர் 15

வெயில். கால் இரண்டும் வீங்கிவிட்டன.

பதினொரு மணிக்குப் புறப்பட்டேன். சுகந்தி கந்தோருக்கு வேலைக்குப் போன பிறகு. நெற்றி நிறைய மூன்று குறி திருநீறு, தண்ணீரில் குழைத்து. யாரும் என்னை வேறு யாரென்றும் நினைக்கத் தேவையில்லை.

நினைக்கவில்லை. மருதானையில் அந்த பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டது நான் ஒருத்திதான். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பதிவுத் துண்டு எங்கே? வீட்டில். ஏன்? கேட்ட ஆமிப் பெடியனுக்கு இருபது வயது இருக்குமா? நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், முழு வாக்கியமாக. சிங்களம் தெரியாதா என்று கேட்டான். நாற்பது வருடமாகச் சந்தையில் சிங்களத்திலேயே மீன் விலை பேசியவள் நான். தெரியாது என்றேன். அப்படியானால் தமிழ் தெரிந்தவர் வரும்வரை இரு என்று சுவரோரத்து மர வாங்கைக் காட்டினான்.

சரியாக நான்கு மணி நேரம் அந்த வாங்கில். கடைசி ஆராதனை ஆறு மணிக்கு. எத்தனை பஸ் போயிற்று என்று எண்ணவில்லை, எண்ணினால் அழுதிருப்பேன். பொலிஸ்காரி ஒருத்தி இரக்கப்பட்டு சுகந்தியின் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தாள். அவள் வெள்ளவத்தைக்கு ஓடி, அலுமாரியைக் கிளறி, துண்டோடு வந்து சேர நாலரை.

பொட்டோடு வந்தாள். சிவப்பு, பெரியது.

துண்டைக் கொடுத்த பிறகும் விடவில்லை. வீட்டு ஆம்பிளை எங்கே என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். கொப்பியில் நந்தனின் பெயரை எழுதி, பக்கத்தில் அவளுடைய பெயரையும் எழுதினார்கள். என்னை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். அரை மணி நேரம் அவளை வெயிலில் நிற்க வைத்தார்கள். ஒரு துண்டை நான் வீட்டில் விட்டுவந்ததற்காக.

வெளியே வந்ததும் என்னை ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை.

"நடப்பமோ மாமி? பஸ்ஸை நம்பினால் ஆறு மணி தப்பிவிடும்."

நடந்தோம். ஆமர் வீதி முழுக்க லொறி, புகை. கையைப் பிடிக்க வந்தாள், தேவையில்லை என்றேன். கொஞ்ச நேரத்தால் நானே பிடித்தேன். கொட்டாஞ்சேனை தொடங்குகிற இடத்தில் இன்னொரு தடை. கம்பிக்கு இந்தப் பக்கம் பெண்கள் வரிசை ஒன்று, பொட்டு வைத்தவர்கள், பைகளைத் தரையில் வைத்துக்கொண்டு. மற்றவர்கள் தலையாட்டலோடு போய்க்கொண்டிருந்தார்கள். என் திருநீறு வியர்வையில் எப்போதோ அழிந்துபோயிருந்தது. மணி ஐந்தே முக்கால்.

"பொட்டை எடு பிள்ளை" என்றேன்.

"இண்டைக்கு நான் எடுக்க மாட்டன் மாமி."

"உன்ரை பெயரை இன்னொரு கொப்பியிலை எழுதினால் நாளைக்கு அவனைத் தேடிப் போறதுக்கு ஆர் இருக்கினம்? எடு."

அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன கிழமை பஸ்ஸில் நான் கேட்டது அந்தப் பார்வையில் இருந்தது.

நானே எடுத்தேன். இடது கையால் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, வலது கையின் நகத்தால் கிளப்பி, அந்தக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். இந்த நாட்டையும், அந்தக் கம்பியையும், அந்தப் பெடியனையும், என் கையையும் மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் எடுத்தேன். எங்களை யாரும் மறிக்கவில்லை.

உள்ளே போனபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது செவ்வாயும் சரி. அந்தோனியாரிடம் கெஞ்சவில்லை. இனிக் கடன் உமக்குத்தான் என்று சொன்னேன். மெழுகுதிரி கொளுத்தியது சுகந்தி. என் வலது கையை நான் விரிக்கவேயில்லை.