பதினொரு பேரின் பெயர்

அண்ணை,

மகளின் பள்ளிக்கூட வேலைக்காக நேற்று இங்கே மொன்றியலில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனோம். சுவர் நிறைய ஒரு மீன்பிடிப் படகின் படம். இரண்டாம் உலகப் போரில் டென்மார்க் மீனவர்கள் நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்து ஏற்றிச் சுவீடனில் சேர்த்த கதை. வாசிக்க வாசிக்க, உங்கள் படகில் எங்களை மூடியிருந்த வலையின் நாற்றமும் மண்ணெண்ணெயும் மூக்கில் ஏறின.

அவர்களில் சிலர் காசு வாங்கினார்கள் என்றும் எழுதியிருந்தது. அதற்காக யாரும் அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே நகரத்தில், ஒரு விசாரணை அறையில், இதே வேலைக்கு உங்களுக்கு வைத்த பெயர் ஆட்கடத்தல்காரன்.

மன்னார்க் கரையில் ஏறுமுன் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டீர்கள். பதினொரு பெயரையும் புனித அந்தோனியாருக்குச் சொன்னீர்கள். “படகு கவிண்டா ஆரைத் தேடுறதெண்டு அவருக்குத் தெரிய வேணுமெல்லே.” மற்றப் படகுக்காரர் கடற்படைக்குப் பயந்து நடுவழி மணல்திட்டில் சனத்தை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் விடிந்த பிறகும் திரும்பாமல், இராமேஸ்வரக் கரை வரை கொண்டுவந்து விட்டீர்கள்.

எத்தனையோ வருசம் கழித்து நீங்களும் அகதியாகக் கனடா வந்து மொன்றியல்-நோரில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தீர்கள். விசாரணைக்கு முன் படித்துப் படித்துச் சொன்னேன்.

“படகுக் கதையை எடுக்காதேங்கோ அண்ணை.”

“ஏன் தம்பி, நான் களவெடுத்தனானே?”

அங்கே போய், ஓம், ஏத்தினனான் என்றீர்கள். எத்தனை பேர் என்று கேட்டதற்கு, “எண்ணேல்லை, பேர் வேணுமெண்டாச் சொல்லுறன்” என்றீர்களாம். இப்படியும் ஒரு மனிசன்.

உங்கள் வழக்கறிஞர் ஒன்றைத்தான் கேட்டார். படகில் வந்த ஒருவர் நடந்ததை எழுதித் தரவேண்டும். மொன்றியலில் இருந்தது நான் மட்டும். என் கோப்பிலோ, கொழும்பிலிருந்து நேரே பறந்து வந்தேன், இந்தியாவில் கால் வைத்ததேயில்லை என்றிருந்தது. தமிழ்நாட்டு முகாமில் இருந்ததைச் சொன்னால் ‘அங்கேயே இருந்திருக்கலாமே’ என்று தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, எங்களில் பலர் சொன்ன பொய். அது வெளியே வந்தால் என் குடியுரிமை போய்விடும். நான் எழுதவில்லை.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் நீங்கள். “விடு, உன்ர பிள்ளை சின்னன்” என்றீர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் உங்கள் மேல் கோபம்தான் வருகிறது.

உங்கள் கோரிக்கையைத் தள்ளினார்கள். மேல்முறையீடு, காத்திருப்பு என்று இழுபட்டு, கையில் ஒரு வதிவிட அட்டை கிடைக்காமலே போய்ச் சேர்ந்தீர்கள். மன்னாரிலிருந்து உங்கள் வீட்டு அக்கா உங்கள் சவப்பெட்டியை ஃபோனில்தான் பார்த்தா. துறைமுகத்தில் வேலை முடிந்து அந்த உடுப்போடே வந்து பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வெட்கம் கெட்டவன்.

அந்தப் படத்துக்குக் கீழே, தப்பியவர்கள் சொன்ன சாட்சியங்கள் இருந்தன. அவர்கள் வாய் திறந்தபடியால்தான் அந்த மீனவர்கள் சுவரில் இருக்கிறார்கள். மகள் கேட்டாள்: “அப்பா, இப்பிடி ஆரையும் உங்களுக்குத் தெரியுமா?”

“இல்லை” என்று பழக்கத்தில் வந்துவிட்டது.

வீட்டுக்கு, லவாலுக்குத் திரும்பும்போது மெட்ரோவில் முழுவதையும் சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “நீங்கள் ஏன் எழுதேல்லை?” என்றாள்.

அன்றைக்கு நீங்கள் அந்தோனியாருக்குச் சொன்ன பதினொன்றில் கடைசிப் பெயர் என்னுடையது. அது இன்னும் உங்கள் குரலிலேயே என்னிடம் இருக்கிறது. யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், திரும்பிப் பார்க்கக் கூசுகிறது அண்ணை.