முதுகோடு முதுகு வைத்துப் பார்த்தேன், கமலா

என் கண்ணு கமலா,

நீ பாதியில் விட்டுப்போன பாடத்தை நான் முடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மத்தூர்ப் பக்கத்தில் ஐப்பசிக் காய்ச்சலில் நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. இருபத்தாறு வயதில் உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்?

பாகலூர்ப் பக்கத்து நம் பள்ளியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பெரிய வாத்தியார் இன்னும் மணி அடிப்பதற்கு முன்பே பிரம்பைத் தேடுகிறார். உன் ஆறாம் வகுப்பு இங்கிலீஷை என் தலையில் கட்டிவிட்டார்கள். பரீட்சைக்குப் பழைய பாடம் எல்லாம் திருப்பும்போது, போன வாரம் அந்த உயரம் ஒப்பிடும் பாடம் வந்தது. டால், டாலர், டாலெஸ்ட்.

பிள்ளைகள் பாதியை மறந்திருந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று வீட்டில் எதைப் பேசினாலும் 'இதைவிட அது' என்று சொல்லிப் பழகியவர்கள், சொல்லுக்கே வால் முளைப்பதை எப்படி நம்புவார்கள்? 'மோர் டாலர்' என்றான் ஒருவன். சின்னச் சொல் என்றால் பின்னால் வால், நீளமான சொல் என்றால் முன்னால் 'மோர்', ஒரு மாட்டுக்கு இரண்டு மூக்கணாங்கயிறு எதற்கு என்று நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன். சிரித்தார்கள். உன் பெயரைச் சொல்லாமல் உன் பேச்சைத் திருடிக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆடி மாதம் நீ அவர்களை எழுப்பி முதுகோடு முதுகு நிற்க வைத்தாய். மணியக்காரர் மகன் நாகராஜின் முதுகில் காலனிப் பெண் மாரம்மாவின் முதுகு பட்டது. அன்று சாயங்காலம் அந்தப் பையனைக் கிணற்றடியில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்குத் தெரியாதுங்க சார். நான் என் கிளாஸ்ல இருந்தேன்."

பொய், கமலா. நான் உன் வகுப்பு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் உனக்கு மத்தூர்ப் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை. உனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

இந்த முறையும் முதலில் பயந்துதான் நடத்தினேன். யாரும் யாரையும் தொட வேண்டாம், அவரவர் உட்காரும் இடத்தில் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள் என்று சொல்லி, தலைக்கு மேல் சாக்பீஸால் கோடு போட்டேன். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே பெருமை. நாகராஜின் கோடு மாரம்மாவின் கோட்டைவிட ஒரு விரல்கடை மேலே இருந்தது. நாகராஜ்தான் டாலெஸ்ட் என்று கரும்பலகையில் எழுதப் போனேன்.

மாரம்மா எழுந்தாள். வாயே திறக்காத பெண், உனக்கு ஞாபகம் இருக்கும்.

"டீச்சர், அவங்க மேட்டுல நிக்கறாங்க. நான் பள்ளத்துல நிக்கறேன்."

குனிந்து பார்த்தேன். முன்பக்கம் போன வருஷம் போட்ட சிமெண்டுத் தரை. காலனிப் பிள்ளைகளை உட்கார வைக்கிற பின்பக்கத்துக்குச் சிமெண்டு வரவில்லை. பழைய மண்தரை மூன்று விரல்கடை இறங்கிக் கிடக்கிறது. ஒரு வருஷமாக அந்த வகுப்புக்குள் போய் வருகிறேன், ஒரு நாளாவது என் கண்ணில் பட்டதா? அந்தப் பெண் தினமும் அதில்தான் உட்காருகிறாள்.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. இருவரையும் முன்னால் சிமெண்டுத் தரைக்குக் கூப்பிட்டேன். நாகராஜ் வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு வந்து நின்றான். முதுகோடு முதுகு. இரண்டு தலைக்கும் மேல் அடிக்கோலை வைத்தேன், வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. மாரம்மா இரண்டு விரல்கடை அதிகம். 'மாரம்மா இஸ் த டாலெஸ்ட்' என்று எல்லோரும் கத்தியது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். நாகராஜும் சேர்ந்துதான் கத்தினான்.

நேற்றுக் காலை மணியக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. பெரிய வாத்தியார் ஆசிரியர்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, இது யார் வேலை என்று கேட்டார். வரிசையைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தேன்.

"நான்தாங்க சார். ஆடி மாசமும் நான் வாசல்லதான் நின்னுட்டு இருந்தேன். அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன். கமலா செஞ்சது சரிங்க."

மேலே எழுதிப் போடுகிறேன் என்று மட்டும் சொன்னார் அவர். எழுதட்டும். மத்தூரோ குருபரப்பள்ளியோ, எங்கே தூக்கிப் போட்டாலும் அங்கேயும் பிள்ளைகள் இருப்பார்கள், அளக்க முதுகும் இருக்கும். பெட்டியைக்கூட இன்னும் கட்டவில்லை, அவ்வளவு நிம்மதியாக இருக்கிறேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், கமலா. நான் நிற்கிற எந்த வகுப்பிலும், ஒருத்தியைக் குள்ளம் என்று சொல்வதற்கு முன்னால் அவள் நிற்கிற தரையைப் பார்ப்பேன்.

மூன்றே மாதம் மூத்தவள் என்று நீ அக்கா என்றழைத்த உன் தோழி,
ருக்மணி