படத்துக்குக் கீழே எழுதிய ஊர்

தென்காசி,
12.06.2024

பிரியமுள்ள தங்கத்தாய்க்கு,

நீயும் மகள் ஸ்ரீமதியும் சுகம்தானே? போனைத்தான் எடுக்க மாட்டாய், தபாலையாவது பிரித்துப் படி. குற்றாலத்தில் சாரல் விழுகிறது. கூப்பிட்டால் வரவா போகிறாய்!

நம் ஆட்களின் பழைய படங்களை வீடு வீடாகப் போய் நகலெடுக்கிறேன் என்றேனே, ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நம் சமுதாயச் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் நானே ஏற்றுகிறேன். ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், தகப்பன் பெயர், இப்போது இருக்கும் ஊர். இல்லாவிட்டால் யார் யாரென்று பிறகு எப்படித் தெரியும்? நேற்று வாசுதேவநல்லூர் வல்லிநாயகம் அண்ணாச்சி வீட்டில் நாம் பத்தாம் வகுப்பில் ஐந்தருவிக்குப் போன படம் கிடைத்தது. உன் சிரிப்பைப் பார்த்து அழுதுவிட்டேன். உடனே ஏற்றினேன்.

அன்புடன்,
உமாராணி

அச்சன்புதூர்,
17.06.2024

உமாவுக்கு,

ஸ்ரீமதியின் போனில் பார்த்தேன். படத்தை எடுத்துவிடு. இதைப் படித்த நிமிஷமே எடு.

‘அச்சன்புதூர், பால் சொசைட்டி எதிரில்’ என்று எழுதியிருக்கிறாயே, என் புருஷன் விஜய்பாண்டியை மறந்துவிட்டாயா? கழுத்தில் வெட்டுக்காயத்தோடு, நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிவந்ததைப் பார்த்தவள் நீ. அவன் வீட்டாரும் அந்தச் சங்கத்தில்தானே இருக்கிறார்கள்!

நேற்று சொசைட்டியில் செந்தில்வேல் அண்ணாச்சி சொன்னார்: “தாயி, ஒன்னைய விசாரிச்சு ஒரு ஆளு போன் பண்ணுதான். சொந்தக்காரன்னு சொல்லுதான். வீட்டு அடையாளம் கேக்கான்.”

அதிலிருந்து கதவைத் தாழிட்டே வைத்திருக்கிறேன். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. எண்ணையும் கண்டுபிடித்துவிடுவானோ என்று இரண்டு போனையும் அணைத்து வைத்துவிட்டேன்.

தங்கத்தாய்

தென்காசி,
19.06.2024

தங்கம்,

எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் இருநூறு பேர் எடுத்துப் பகிர்ந்திருக்கிறார்கள். ‘ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அழியாது’ என்று கூட்டத்தில் நானே சொன்னேன். பதினைந்து வருஷத்தில் அவன் அடங்கியிருப்பான் என்று நினைத்தேனா, உன்னை நினைக்கவே இல்லையா, தெரியவில்லை. என்னைச் செருப்பால் அடி.

காலையில் என் வாசலுக்கே வந்தான். “நல்ல காரியம் பண்ணியிருக்க தாயி. எம் பொண்டாட்டி எங்கன இருக்கான்னு இப்பல்லா தெரியுது” என்று சிரித்தான். அவன் தலை மறைந்ததும் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருக்காதே. என் தம்பி முத்துச்செல்வம் இந்தக் கடிதத்தோடு காரில் வருகிறான். கட்டிய சேலையோடு கிளம்பு. கீழப்பாவூரில் அவன் வீட்டில் இரு.

உமா

02.07.2024

உமாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். நாங்கள் கிளம்பிய அரை மணி நேரத்தில் அவன் அரிவாளோடு வந்து பூட்டை உடைத்திருக்கிறான். அவன் இன்னும் பிடிபடாததால் கீழப்பாவூரிலும் நாலு நாளுக்கு மேல் தங்கப் பயமாக இருந்தது. முத்துச்செல்வத்திடமும் சொல்லாமல்தான் புறப்பட்டோம்; மன்னிக்கச் சொல்.

ஸ்ரீமதி படிப்பு நின்றுவிட்டது. வேறு பெயர் சொல்லி வேலை கேட்கிறேன். பிள்ளைக்கும் புதுப் பெயரைப் பழக்குகிறேன், அவள் திரும்பிப் பார்க்க மறந்துவிடுகிறாள்.

உன் மேல் கோபம் இருந்தது, ஆறிவிட்டது. உன்னைப் போல எனக்கு வேறு யாரும் இல்லை. ஆனாலும் எந்த ஊர் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். எதையும் எழுதி வைக்காமல் இருக்க உனக்குத் தெரியாது, உமா. இதை எங்கோ போகிறவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன், முத்திரையை வைத்துத் தேடாதே.

இனி எழுத மாட்டேன்.

தங்கத்தாய்