எந்தக் கேப்பு

அக். 27, திங்கள்
காலையிலிருந்து தூறல். மரவள்ளியில் மறுபடியும் பன்றி. ஓடையோரம் இரண்டு வரிசை காலி.

பன்றி விரட்டத்தான் வீட்டுக்காரருக்கு நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ். கேப்பு தீர்ந்துவிட்டது. மருந்தைப் பற்றவைக்கிற குட்டிச் செம்புக் குல்லா, துப்பாக்கி மூக்கில் கச்சிதமாக உட்கார வேண்டும். கள்ளக்குறிச்சி கடையில் அளவு பார்த்து வாங்குங்கள் என்றேன். சோம்பல். மலைமேல் சிநேகிதரிடம் வாங்கி வந்திருக்கிறார். பெரிய அளவு. லொடலொட. குறடால் நசுக்கி இறுக்கிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன்.

“கேப்புல இன்னாடி பெரிசு சின்னது? வெடிச்சா சரி.”

வாங்க வேண்டியது: உப்பு, கொசுவத்தி, சின்னவளுக்கு ரிப்பன்.

அக். 28
மாலை ஆறு மணி. வரப்பில் இவர் பக்கத்தில் நின்றேன். வானத்தைப் பார்த்துச் சுட்டார். கேப்பு சிதறியது. என் இடது கண்.

வண்டியில் போகும்போதே சொல்லிவிட்டார், துப்பாக்கி என்று வாயைத் திறக்காதே, போலீஸ் வரும். சங்கராபுரத்தில் டாக்டர் கேட்டதும் இவரே முந்திக்கொண்டார்.

“புள்ளைங்க தீபாவளி கேப்புங்க. மிச்சம் கெடந்துது, வெடிச்சிடுச்சி.”

பொய்கூட இல்லை. அதுவும் கேப்பு, இதுவும் கேப்பு. கழுவி, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. எனக்கு நன்றாக வேண்டும்.

அக். 30
மழை விட்டது. சொட்டு மருந்து 4 வேளை. கட்டைப் பிரித்தால் எல்லாம் புகை. வலி ஜாஸ்தி. எழுத்து கோணல்.

நாத்தனார் வாசலில் யாரிடமோ: “இவ இன்னாத்துக்கு அங்க போய் நின்னுக்கினு இருந்தா?”

இவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார். அரை மணி நேரம். என் கண்ணுக்குச் சொட்டு நானே விட்டுக்கொண்டேன். பாதி கன்னத்தில். பற்றிக்கொண்டு வருகிறது.

நவ. 1
கள்ளக்குறிச்சி. கண் ஆஸ்பத்திரி. கூட்டம். டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். எந்தக் கேப்பு என்று கேட்டார். காகிதம்தாங்க என்றார் இவர். டாக்டரம்மா இவரைப் பார்க்கவே இல்லை.

“நீ சொல்லும்மா. காகிதம்னா மருந்து போதும். உலோகம் உள்ள இருந்தா இன்னிக்கே எடுக்கணும்.”

மேசைக்கடியில் இவர் என் காலை மிதித்தார். மிதிக்கட்டும்.

“செம்பு. துப்பாக்கி கேப்புங்க.”

நாலு நாளாக ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். படம் எடுத்தார்கள். உள்ளே துண்டு இருக்கிறது. முன்னாடியே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாமாம். இப்போது கண் தங்கினால் போதுமாம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.

இவர் வெளியே பெஞ்சில், தம்பிக்குப் போன். குரல் தழுதழுக்கிறது.

“எல்லாம் போச்சிடா. லைசென்ஸ புடுங்கிடுவாங்க.”