கெளுத்தி ஆணம் கொதித்த பிறகு

என் உயிரான மச்சான்,

ஸலாம் சொன்னால் உங்களிடமிருந்து பதில் வராது என்று தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

நீங்கள் போன பிறகும் நம் தோ பாயோ வீட்டில் உங்கள் வாசம் வந்துகொண்டிருந்தது. அத்தர் வாசம் இல்லை. பாசிர் ரிஸ் கடற்கரையில் மீன் பிடித்துவிட்டு வாளியோடு லிஃப்டிலிருந்து வெளியே வருவீர்களே, அந்த வாசம். உப்பும் சேறும் மீனின் வழுவழுப்பும் கலந்தது. மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், பொழுது சாயும்போது வரும். கதவைத் திறந்து பார்ப்பேன். வெளியே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

பக்கத்து வீட்டில் மீன் கழுவுகிறார்களோ என்று ஏதோ சாக்குச் சொல்லி எட்டிக்கூடப் பார்த்தேன். அங்கே அடுப்பே எரியவில்லை. யாரிடம் சொல்வது? எனக்குத்தான் புத்தி பிசகுகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கிடையில் நம் ஃபரிதா குவீன்ஸ்டவுனில் ஓர் அறையை வாடகைக்குப் பார்த்துவிட்டாள். "ஆபீஸ் கிட்டம்மா, டிராவல் டைம் மிச்சம்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். கடற்கரை நாற்காலியில் தூண்டிலோடு சாய்ந்திருந்த உங்களை முதலில் பார்த்தவள் அவள்தான். தூங்குகிறீர்கள் என்று நினைத்துத் தோளைத் தட்டினாளாம். அதற்குப் பிறகு பிள்ளை மீனைத் தொடவே இல்லை.

அப்படிப்பட்டவள் போன மாதம் ஒரு சனிக்கிழமை, "ம்மா, ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி வாப்பா இடத்துக்கு ஒரு தடவ போயிட்டு வரலாமா? அவரோட தூண்டில எடுத்துக்கிறேன்," என்றாள். அன்றே கிளம்பினோம்.

அவளே இறாலைக் கோர்த்து வீசினாள். வெகுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. பிறகு தூண்டில் வளைந்தது. இழுத்துப் போட்டால், கெளுத்தி! மீசையை ஆட்டிக்கொண்டு 'கர்ர், கர்ர்' என்று கத்தியது. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் முகத்தைச் சுளித்தார். "இக்கான் டூரி லா, கக். புவாங் சாஜா." முள் மீனாம், தூக்கி வீசிவிடச் சொல்கிறார்.

"வீசுறவன் வீசட்டும், நமக்கு ஆணம்," என்று ஃபரிதா தனக்குள் முணுமுணுத்தாள். ஊரே ஒதுக்கும் மீனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் நின்று நீங்கள் சொல்லும் அதே வார்த்தை.

ஈரத்துணியால் மீனை அமுக்கிப் பிடித்து, முதுகு முள்ளையும் இரண்டு பக்க முள்ளையும் குறடால் நறுக்கினாள். அந்த முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று உங்கள் விரல்களுக்குத் தெரியுமே. குனிந்த தலை நிமிராமலே கேட்டாள்.

"ம்மா, வீட்டுல உங்களுக்கு ஏதாச்சும் வாசம் வருதா?"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"சாயங்காலம். வாப்பா வர்ற மாதிரி."

"உனக்குமா?"

குறடைக் கீழே போட்டுவிட்டாள். "பயமா இருக்கும்மா. அதுக்காகத்தான் ரூம் பார்த்தேன். சொன்னா நீங்க இன்னும் உடைஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லல." அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஒரே வீட்டில், ஆளுக்கு ஓர் அறையில், தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம், மச்சான்.

அந்த மீனைப் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டோம். வழியை மாற்றித் தேக்கா சந்தையில் இறங்கி மாங்காய் வாங்கினோம். வீட்டில் கல்லுப்பும் புளியும் போட்டு, வழுவழுப்புப் போகும்வரை ஃபரிதா தேய்த்தாள். நான் வெந்தயம் தாளித்துப் புளியைக் கரைத்து ஊற்றினேன். மாங்காய் வெந்ததும் மீனைப் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றினேன். ஆணம் கொதித்தது. வாசம் வீட்டை நிறைத்து வெளியேயும் போனது. இந்தத் தடவை அது எங்கிருந்து வருகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஃபரிதா சாப்பிட்டாள். "தலை எனக்கு," என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் அந்த வாசம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பிள்ளை அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறாள். நான் சந்தோஷப்பட வேண்டும், இல்லையா?

நான் மட்டும் மஃரிபு நெருங்கினால் கதவருகே போய் நிற்கிறேன். உங்கள் மீனைச் சமைத்துச் சாப்பிட்டு உங்களை அனுப்பிவைத்துவிட்டோமா? இல்லை, நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசும்வரை காத்திருந்துவிட்டு நீங்களே கிளம்பிவிட்டீர்களா? இனிமேல் வரவே மாட்டீர்களா?

அவளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தனியாகப் பயப்பட இனி நான் விடமாட்டேன். இது என் வாக்கு. ஆனால், மச்சான், வருவதாக இருந்தால் அவள் வேலைக்குப் போன பிறகு வாங்க. எனக்குப் பயமில்லை.

என்றும் உங்கள் மாமா மகள்,
ஜொஹரா