எடுத்த எடுப்பில் மூன்று ஸ்பேட்

ஞாயிறு, இரவு.

இன்று போடி கிளப்பில் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டி. என் கையில் ஏழு ஸ்பேடைத் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை. எதிரே ஏலக்காய் வியாபாரிகள் இருவர். ஏலத்தில் படிப்படியாக ஏற்றிக் கேட்டே பழகியவர்கள். நான் எடுத்த எடுப்பிலேயே மூன்று ஸ்பேட், அதாவது ஒன்பது பிடி எடுப்பதாக, கேட்டேன். தங்கள் பலத்தைச் சொல்லிக்கொள்ள இடமில்லாமல் இருவரும் ஒதுங்கிவிட்டார்கள். இரண்டு பிடி குறைந்து தோற்றோம். ஆனால் அவர்களுக்குப் போயிருக்க வேண்டிய பெரிய ஆட்டத்தின் புள்ளிகள் போகவில்லை, லாபம் எங்களுக்குத்தான்.

ஜோடியாக ஆடிய என் வீட்டுக்காரருக்குத்தான் கோபம்.

"கையில சரக்கில்லாம ஏன்டி அம்புட்டுக் கேட்ட?"

"அவுக நம்பணும்னு கேட்டேன். நீங்களுமா நம்புனீக?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் இப்படித்தான் கேட்பேன். இவர் நம்பித் தொலைத்து நாலு ஸ்பேடுக்கு ஏற்றாமல் இருந்தால் போதும்.